மியூசிக் அகாடமிக்கு முதல் தடவை போகிறீர்களா? பகல் கச்சேரியிலிருந்து தொடங்குங்கள்

கார்த்திகை முடியப் போகிறது என்றால் எனக்கு வருகிற போன்களில் இரண்டு மூன்றாவது இப்படித்தான் இருக்கும்: "இந்த வருஷமாவது அகாடமியில் ஒரு கச்சேரி கேட்டுடணும், டிக்கெட் எப்படி வாங்கறது?" கேட்கிறவர் சென்னைக்கு வேலைக்கு வந்து நாலைந்து வருஷம் ஆனவராக இருப்பார், அல்லது பிள்ளை வீட்டுக்கு வந்திருக்கும் பெரியவராக இருப்பார். மனதில் இருப்பது இரவு ஏழு மணிக் கச்சேரியும் ஒரு பெரிய பெயரும்தான். நான் சொல்கிற பதிலும் மாறுவதில்லை. டிக்கெட்டே வேண்டாம், பகல் பன்னிரண்டு மணிக்கு நேரே போய் உட்காருங்கள்.

கேலி செய்கிறேன் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். நான் போகக் கற்றுக்கொண்டதே அப்படித்தான். சங்கீதம் படித்தவன் இல்லை, வீட்டில் யாரும் பாடியதில்லை, ராகம் என்றால் வானொலியில் காலையில் யாரோ இழுப்பது என்ற அளவில்தான் எனக்குத் தெரிந்திருந்தது. அந்த நிலையில் இருப்பவர்களுக்குத்தான் இது. மூன்று வயதிலிருந்து பாட்டு வகுப்புக்குப் போனவர்கள் கீழே கேண்டீன் பற்றி எழுதியிருக்கும் பகுதிக்கு நேராகப் போய்விடலாம்.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

டி.டி.கே. சாலையும் டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையும் கதீட்ரல் சாலையும் சந்திக்கிற மூலையில் இருக்கிறது மியூசிக் அகாடமி. பழைய ஆட்கள் டி.டி.கே. சாலையை இன்னும் மௌபரீஸ் ரோடு என்பார்கள், ராதாகிருஷ்ணன் சாலை அவர்களுக்கு எட்வர்ட் எலியட்ஸ் ரோடு. பஸ்ஸில் "மியூசிக் அகாடமி" என்று சொன்னாலே இறக்கிவிடுவார்கள். பறக்கும் ரயிலில் வந்தால் திருமயிலையில் இறங்கி ஆட்டோ, மெட்ரோவில் வந்தால் ஏ.ஜி.-டி.எம்.எஸ். நிலையத்தில் இறங்கி ஆட்டோ. காரை மட்டும் எடுத்து வராதீர்கள். டிசம்பர் சீசன் சாயங்காலத்தில் அந்த மூலையில் வண்டி நிறுத்த இடம் தேடுகிற நேரத்தில் தொடக்கத்தில் பாடும் வர்ணம், பிள்ளையார் கிருதி (கிருதி என்றால் கர்நாடக இசைப் பாட்டு) எல்லாம் முடிந்து மூன்றாவது பாட்டுக்குப் போயிருப்பார்கள்.

இந்தக் கட்டடம் 1962இல் திறக்கப்பட்டது. நேரு 1955 அக்டோபர் 5 அன்று அடிக்கல் நாட்டினார், ஏழு வருஷம் கழித்து டிசம்பர் மாதம் மைசூர் மகாராஜா ஜெயசாமராஜ உடையார் திறந்துவைத்தார். அவரே கீர்த்தனை எழுதியவர் என்பதால் பொருத்தமான ஆள்தான். பெரிய அரங்குக்கு டி.டி. கிருஷ்ணமாச்சாரி பெயர், தரைத்தளமும் பால்கனியுமாகச் சுமார் 1,600 பேர் உட்காரலாம். அதைத் தவிர கஸ்தூரி ஸ்ரீனிவாசன் ஹால் என்று ஒரு சின்ன அரங்கும் உண்டு.

ஆனால் அகாடமி கட்டடத்தைவிட மூத்தது. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது அதோடு சேர்த்து ஓர் இசை மாநாடும் நடந்தது. அதில் போட்ட தீர்மானத்தின்படி உருவானது இது. 1928 ஆகஸ்ட் 18 அன்று எஸ்பிளனேடு ஒய்.எம்.சி.ஏ. அரங்கில் சர் சி.பி. ராமசாமி ஐயர் தொடங்கிவைத்தார், டாக்டர் யு. ராமராவ் முதல் தலைவர். ஆக, முதல் முப்பது சொச்சம் வருஷம் சொந்த அரங்கு கிடையாது. பந்தல் போட்டும், கிடைத்த அரங்கில் ஒண்டியும் காலம் தள்ளினார்கள். அரியக்குடி, செம்மங்குடி, ஜி.என்.பி., மதுரை மணி ஐயர் என்று இன்று நாம் கும்பிடுகிற பெயர்களின் உச்ச காலத்தில் பெரும்பகுதி இந்த மேடை எழும்புவதற்கு முன்பே கழிந்துவிட்டது. "இந்தச் சுவரெல்லாம் அரியக்குடியைக் கேட்ட சுவர்" என்று பக்கத்து நாற்காலிக்காரர் உருகினால், கட்டடம் 62இல்தான் வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு சும்மா தலையாட்டுங்கள்.

எந்த நாள், எந்த நேரம்

அகாடமியின் சீசன் டிசம்பர் 15இல் தொடங்கி ஜனவரி 1இல் முடியும். ஜனவரி 1 அன்று சதஸ், அதாவது விருது வழங்கும் விழா. அதற்கப்புறம் ஜனவரி முதல் வாரத்திலேயே நாட்டிய விழா தொடங்கிவிடும். இந்த நாட்களில் காலை முதல் இரவு வரை அரங்கு காலியாகவே இருக்காது. காலை எட்டு மணி வாக்கில் விளக்கவுரை (எல்லோரும் லெக்-டெம் என்பார்கள்), அப்புறம் ஒரு காலைக் கச்சேரி, பகல் பன்னிரண்டு மணியளவில் ஒன்று, இரண்டு மணியளவில் ஒன்று, நான்கு மணிக்கு ஒன்று, கடைசியாக ஏழு மணியை ஒட்டிப் பெரிய கச்சேரி. கால் மணி அரை மணி முன்னே பின்னே வருஷத்துக்கு வருஷம் மாறும், அந்த ஆண்டு நிரலை அகாடமியின் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இதில் நான்கு மணிக்கும் ஏழு மணிக்கும்தான் டிக்கெட் பிரச்சினை. பகல் கச்சேரிகளுக்கு நுழைவு இலவசம். உள்ளே போவீர்கள், பிடித்த இடத்தில் உட்காருவீர்கள், பிடிக்காவிட்டால் பாட்டு முடிந்ததும் எழுந்து போவீர்கள், அவ்வளவுதான்.

இலவசம் என்பதால் மட்டமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். அகாடமியில் ஏணி மாதிரி ஒரு முறை உண்டு. இளம் வித்வான்கள் பகல் நேரத்தில் பாடி, நன்றாகப் பாடினால் சில வருஷம் கழித்து நான்கு மணிக்கு ஏறி, அங்கும் நின்றுபிடித்தால் ஏழு மணிக்குப் போவார்கள். பன்னிரண்டு மணிக்குப் பாடும் பெண்ணுக்கு அது வாழ்க்கையின் முக்கியமான ஒன்றரை மணி நேரம். அந்த வருஷம் முழுக்கச் சாதகம் செய்ததை அதற்குள் கொட்டியாக வேண்டும். ஏழு மணி வித்வானுக்கோ அந்த மாதத்தில் அது இருபதாவது கச்சேரியாக இருக்கலாம், தொண்டை கட்டியிருக்கலாம். நான் கேட்டவற்றில் மறக்க முடியாதவை என்று எண்ணிப் பார்த்தால் பாதிக்கு மேல் பகல் கச்சேரிதான். பாடியவர்களில் பலருடைய பெயர் அன்றைக்கு எனக்குத் தெரியாது.

உள்ளே போனபின்

சால்வை, ஸ்வெட்டர் ஏதாவது ஒன்று பையில் இருக்கட்டும். மார்கழி மாதம், ஏ.சி. அரங்கு, ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம், யோசித்துக்கொள்ளுங்கள். உடைக்கு விதி எதுவும் கிடையாது. பட்டுப் புடவைக் கூட்டம் ராத்திரிக்குத்தான் வரும், பகலில் சட்டை பேன்ட்டும் சுடிதாரும்தான். போனைச் சத்தமில்லாமல் வையுங்கள், பாட்டைப் பதிவு செய்யவும் படம் எடுக்கவும் கூடாது.

எங்கே உட்காருவது என்று கேட்டால், பகலில் எங்கே வேண்டுமானாலும். ஒரு தடவையாவது பால்கனிக்குப் போங்கள். முகம் சரியாகத் தெரியாது, ஆனால் சத்தம் அங்கே கலந்து வருகிற விதம் எனக்குக் கீழே இருப்பதைவிடப் பிடிக்கும், இதில் என்னோடு சண்டை போடுகிறவர்களும் உண்டு. முன்வரிசைக்குப் போனால் வேறொரு லாபம், மேடையில் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வது தெரியும். பாடகர் நடுவில், அவருடைய வலது கைப்பக்கம் மிருதங்கம், இடது கைப்பக்கம் வயலின் என்பது வழக்கம். மிருதங்கத்தின் வலந்தலை, அதாவது வலது கையால் வாசிக்கும் முகம், சபையைப் பார்த்து இருக்க வேண்டும் என்பதற்காக வந்த ஏற்பாடு அது, இடது கைப் பழக்கமுள்ள மிருதங்கக்காரர் என்றால் இடம் மாறிவிடும். பின்னால் தம்புரா, பெரும்பாலும் ஒரு சிஷ்யர் மீட்டிக்கொண்டிருப்பார். கடம், கஞ்சிரா இருந்தால் அவர்களும் சற்றுப் பின்வாங்கித்தான்.

பாட்டு ஓடுகிறபோது எழுந்து வெளியே போவதும் உள்ளே வருவதும் வேண்டாம். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் செய்யுங்கள். முதல் வருஷம் எனக்கு இது தெரியாது. ஒருவர் மேல் ஸ்தாயியில் நின்று ஆடாமல் அசையாமல் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து, ஒரு வரிசை முழுக்க முழங்கால்களை இடித்துக்கொண்டு வெளியேறினேன். கடைசி நாற்காலி மாமி ஒன்றும் சொல்லவில்லை, மூக்குக் கண்ணாடியை இறக்கி ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள

இன்றைய கச்சேரிக்கு ஓர் அமைப்பு இருக்கிறது, அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைநிறுத்தியது என்று சொல்வார்கள். வர்ணத்தில் தொடங்கும், அது கிட்டத்தட்டக் குரலுக்கும் விரலுக்கும் உடற்பயிற்சி. அப்புறம் விறுவிறுவென்று இரண்டு மூன்று சின்னக் கிருதிகள். அதற்குமேல் ஒரு ராகத்தை எடுத்து ஆலாபனை செய்வார்கள். ஆலாபனைக்குச் சொல்லும் கிடையாது, தாளமும் கிடையாது, ராகத்தை மட்டும் மெல்ல அவிழ்த்துக் காட்டுவது. பாடகர் முடித்ததும் வயலின் அதே ராகத்தைத் தன் பங்குக்கு வாசிக்கும். புதிதாகக் கேட்கிறவர்களுக்குப் பெரும்பாலும் இங்கேதான் கொட்டாவி வரும். வந்தால் வரட்டும்.

பிறகு கிருதி, அதில் ஒரு வரியை மட்டும் எடுத்துத் திரும்பத் திரும்ப வெவ்வேறு விதமாகப் பாடினால் நிரவல், ஸரிகம என்று எழுத்துகளாகவே பாடினால் கல்பனா ஸ்வரம். கல்பனா ஸ்வரத்தில் புதியவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: எவ்வளவு தூரம் போனாலும் கடைசியில் அந்த வரி தொடங்குகிற இடத்தில், அதே எண்ணிக்கையில், வந்து விழ வேண்டும். அந்த இடத்துக்கு எடுப்பு என்று பெயர். விழுந்ததும் அரங்கே "ஆஹா" என்பது அதற்குத்தான்.

இதைப் பிடிக்கத் தாளம் போடத் தெரிந்தால் போதும். ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. உள்ளங்கையால் தொடையில் ஒரு தட்டு, அப்புறம் சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல் என்று மூன்று எண்ணிக்கை, பிறகு ஒரு தட்டு, கையைத் திருப்பி ஒரு வீச்சு, மறுபடி தட்டு, வீச்சு. இவ்வளவுதான். வீட்டில் பத்து நிமிஷம் செய்து பாருங்கள். அரங்கில் பாதிப்பேர் தொடையில் இதைத்தான் செய்துகொண்டிருப்பார்கள், முன்னால் இருப்பவர் கையைப் பார்த்து ஒட்டிக்கொள்ளலாம், வெட்கப்பட வேண்டியதில்லை. (முன்னால் இருப்பவரும் தப்பாகப் போடலாம். எனக்கு நடந்திருக்கிறது, அரை மணி நேரம் இரண்டு பேரும் சேர்ந்தே தப்பாகப் போட்டோம்.)

ராகம் கண்டுபிடிக்கிற வெறி மட்டும் முதல் வருஷம் வேண்டாம். ஆலாபனை தொடங்கிய அரை நிமிஷத்தில் பின்வரிசையில் ஒரு முணுமுணுப்பு கேட்கும், தோடியா பைரவியா என்று. அந்தப் பந்தயத்தில் சேராதீர்கள். ஐந்தே ராகம் பழகுங்கள்: மோகனம், ஹம்சத்வனி, கல்யாணி, சங்கராபரணம், தோடி. முதல் இரண்டும் ஐந்து ஸ்வர ராகங்கள், சீக்கிரம் பிடிபடும். கல்யாணிக்கும் சங்கராபரணத்துக்கும் வித்தியாசம் மத்தியமம் என்ற ஒரே ஒரு ஸ்வரம்தான், ஆனால் அந்த ஒன்றில் வீடே மாறிவிட்டது போல இருக்கும். தோடிக்கு வருஷங்கள் ஆகும், பரவாயில்லை.

மொழி புரியவில்லை என்பது அடுத்த புகார். நியாயமான புகார்தான். கேட்கிற கிருதிகளில் பெரும்பங்கு தெலுங்கும் சமஸ்கிருதமும். இந்தக் கேள்வி உங்களுக்கு மட்டும் வந்ததல்ல, 1940களில் இதற்காகப் பெரிய சண்டையே நடந்தது. தமிழ்ப் பாட்டுகளுக்கு மேடையில் இடம் வேண்டும் என்று அண்ணாமலைச் செட்டியார் முன்னின்றார், கல்கி எழுதித் தள்ளினார், அகாடமி அந்தப் பக்கம் நிற்கவில்லை. விளைவாக 1943இல் தமிழ் இசைச் சங்கம் தனியாகவே தோன்றியது, பாரிமுனையில் ராஜா அண்ணாமலை மன்றம் அதனுடைய அரங்கு. அகாடமி அன்று எடுத்த நிலை தவறு என்பதுதான் என் எண்ணம். ஆனால் பிறகு 1971இல் இதே அகாடமி, தமிழில் கிருதிகள் எழுதிய பாபநாசம் சிவனுக்குத் தன் பெரிய பட்டமான சங்கீத கலாநிதியைக் கொடுத்தது. இன்றைக்குக் கச்சேரியின் பின்பாதியில், துக்கடாக்கள் என்கிற சின்னப் பாட்டுகள் வரும் நேரத்தில், தமிழ் நன்றாகவே வரும், தாளமில்லாமல் செய்யுளைப் பாடும் விருத்தமும் வரும். முன்பாதியில், முக்கிய உருப்படியாகவே தமிழ்க் கிருதியை எடுத்துக்கொள்கிற வித்வான்கள் யார் யார் என்று பார்த்துவைத்துக்கொண்டு அவர்களுக்குப் போங்கள்.

தனி ஆவர்த்தனத்தில் எழுந்து போகாதீர்கள்

கச்சேரியின் நடுவில், முக்கியக் கிருதி அல்லது பல்லவி (ஒரே வரியை விரித்துப் பாடும் பெரிய உருப்படி) முடிகிற இடத்தில், பாட்டும் வயலினும் ஒதுங்கிக்கொள்ள மிருதங்கமும், கடம், கஞ்சிரா இருந்தால் அவையும் மட்டும் வாசிக்கும். அதுதான் தனி. தனி தொடங்கியதும் ஒரு காட்சி பார்ப்பீர்கள், ஏதோ மணி அடித்த மாதிரி அரங்கில் ஒரு பகுதி எழுந்து கேண்டீன் பக்கம் நடக்கும். பழக்கமாகவே ஆகிவிட்டது, யாரும் கூச்சப்படுவதும் இல்லை.

எனக்கு இதில் தீராத கோபம். அகாடமி மாநாட்டுக்குத் தலைமை தாங்குகிறவருக்கு சங்கீத கலாநிதி என்ற பட்டம் 1942 முதல் கொடுக்கப்படுகிறது. மிருதங்கக்காரர் ஒருவருக்கு அது கிடைக்க 1966 வரை ஆனது, பாலக்காடு மணி ஐயருக்கு. இந்தக் கலையில் தாளக்காரர்கள் வாசலைத் தட்டிக்கொண்டே நின்ற காலம் அவ்வளவு. அவர் வேறு மைக்கே வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்த மனிதர், தோலின் நாதம் நேராகக் காதுக்கு வர வேண்டும் என்பது அவர் கட்சி. அப்படிப்பட்ட கலை மேடையில் நடக்கும்போது வடைக்கு வரிசையில் நிற்பது என்ன நியாயம்?

சரி, உட்கார்ந்துவிட்டீர்கள், எப்படிக் கேட்பது? ஆதி தாளத்தைத் தொடையில் விடாமல் போடுங்கள். முதலில் மிருதங்கம் நிதானமாகப் போகும், பின் கடமோ கஞ்சிராவோ பதில் சொல்லும், பேச்சு குறுகிக் குறுகிக் கேள்வி பதிலாகும், கடைசியில் சேர்ந்து வாசிப்பார்கள். முடிவில் ஒரே கோர்வையை, அதாவது கோத்துவைத்த தாளச் சொற்களை, மூன்று தடவை வாசித்து எடுப்புக்குக் கொண்டுவந்து விடுவார்கள், அந்த நொடியில் பாடகர் விட்ட வரியைப் பிடித்துக்கொள்வார். உங்கள் கையில் இருந்த எண்ணிக்கையும் அவர்கள் வந்து சேர்ந்த இடமும் ஒன்றாக இருந்தால், அன்றைக்கு நீங்கள் அகாடமியில் ஒரு கச்சேரி கேட்டுவிட்டீர்கள். எனக்கு அது நடக்க மூன்றாவது சீசன் ஆயிற்று.

பட்டங்களைப் பற்றிப் பேசிவிட்டதால் இன்னும் ஒன்று. முதல் முறையாக ஒரு பெண் சங்கீத கலாநிதி ஆனது 1968இல், எம்.எஸ். சுப்புலட்சுமி. 1970இல் டி.கே. பட்டம்மாள், 1973இல் நடனக் கலைஞர் பாலசரஸ்வதி. நாகஸ்வரத்தில் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்கு இது கிடைக்கவே இல்லை. பட்டியலில் இருப்பவர்கள் எல்லாம் பெரியவர்கள்தான், ஆனால் பெரியவர்கள் எல்லாம் பட்டியலில் இல்லை. பக்கத்து நாற்காலியில் சண்டை மூட்ட வேண்டும் என்றால் இந்தப் பேச்சை எடுங்கள்.

கேண்டீன்

கேண்டீனுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தனி ஆவர்த்தனம் நடக்கும்போது போகாதீர்கள் என்றுதான் சொன்னேன். சீசனில் மட்டும் போடுகிற கேண்டீன், கச்சேரிக்கு டிக்கெட் இல்லாதவர்களும் சாப்பிடலாம், சாப்பாட்டுக்காக மட்டுமே வருகிறவர்கள் ஊரில் ஏராளம். மத்தியானம் இலைச் சாப்பாடு, சாயங்காலம் டிபன். எந்த வருஷம் எந்தச் சமையல்காரர் எடுத்திருக்கிறார் என்பது எந்த வித்வான் என்ன பாடினார் என்பதற்குச் சமமான செய்தி.

என் கணக்கு இது: பன்னிரண்டு மணிக் கச்சேரிக்குப் போவதாக இருந்தால் பதினோரு மணிக்கே லேசாகச் சாப்பிட்டுவிடுங்கள். ஒன்றரைக்கு வெளியே வந்தால் இலைக்கு நிற்கிற கூட்டம் உங்களை மலைக்க வைக்கும். முடிந்தால் இரண்டு மணிக் கச்சேரியையும் கேட்டுவிட்டு மூன்றரை வாக்கில் டிபனுக்குப் போங்கள், கூட்டம் இறங்கியிருக்கும், வடை அப்போதுதான் எண்ணெயிலிருந்து வரும். பெரிய வயிற்றோடு ஆலாபனைக்குள் போகாதீர்கள். ஏ.சி., இருட்டு, தம்புரா, அக்காரவடிசல், நாலும் சேர்ந்தால் செம்மங்குடியே வந்து பாடினாலும் தூக்கம்தான்.

டிக்கெட் வாங்கியே தீர வேண்டும் என்பவர்களுக்கு

நான்கைந்து பகல் கச்சேரி கேட்டபின் ஏழு மணிக்கு ஆசை வந்தால் சரி. நல்ல இருக்கைகளில் பெரும்பகுதி சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்கள் கையில் இருக்கும், சில வீடுகளில் அது சொத்து மாதிரி. மிச்சம் இருப்பது தினசரி டிக்கெட். முன்பெல்லாம் அதற்காக விடியற்காலையில் கவுன்ட்டர் முன்னால் வரிசை நிற்கும், பிளாஸ்கில் காபி, செய்தித்தாள், ராத்திரிக் கச்சேரி விமர்சனம் எல்லாம் அங்கேயே. இப்போது இணையத்திலும் விற்கிறார்கள். எப்போது திறக்கும் என்பதை டிசம்பர் தொடக்கத்திலேயே இணையதளத்தில் பார்த்துக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், பெரிய பெயர்களுக்கு நிமிஷக் கணக்குதான்.

கிடைக்காவிட்டால் அழ வேண்டாம். அதே வித்வான் அதே மாதத்தில் ஊரில் வேறு ஏழெட்டு இடங்களில் பாடுவார். இதே டி.டி.கே. சாலையில் கொஞ்சம் தள்ளி நாரத கான சபா, தி.நகரில் கிருஷ்ண கான சபா, 1900இலிருந்து இருக்கும் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி சுவாமி சபா என்று போய்க்கொண்டே இருக்கலாம்.

காலை எட்டு மணி

அகாடமியில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் காலை விளக்கவுரைகள், அனுமதியும் இலவசம். சபாக்கள் கச்சேரி நடத்தும். அகாடமி தொடங்கிய நாளிலிருந்தே கச்சேரியோடு சேர்த்து மாநாடும் நடத்தியது, ராக லட்சணம் என்ன, எந்தப் பாடம் சரி என்று வித்வான்களும் பண்டிதர்களும் உட்கார்ந்து வாதாடினார்கள். அதன் ஆய்விதழ் 1930 முதல் வருகிறது. சமஸ்கிருத அறிஞர் வே. ராகவன் 1944 தொடங்கி 1979இல் மறையும் வரை செயலாளராக இருந்து இந்தப் பக்கத்தைக் கட்டிக்காத்தார்.

நடனத்துக்கும் இங்கே ஒரு கதை இருக்கிறது. பரதநாட்டியத்தின் பழைய வடிவமான சதிர் ஆட்டத்தை ஒழிக்க வேண்டும் என்ற இயக்கம் வேகமாக இருந்த நேரத்தில், அகாடமியின் செயலாளராக இருந்த வக்கீல் இ. கிருஷ்ண ஐயர் அதைக் காப்பாற்ற நின்றார். 1931 மார்ச் 15 அன்று தஞ்சாவூர் கல்யாணியின் பெண்கள் ராஜலட்சுமி, ஜீவரத்தினம் இருவரும் அகாடமி சார்பில் ஆடினார்கள். அன்றைக்குக் கூட்டம் வரவில்லை. 1933 ஜனவரி 1 அன்று அவர்களே மறுபடி ஆடியபோது வந்தது. பரதநாட்டியம் என்ற பெயர் பொதுமேடையில் நிலைத்தது இந்த வருஷங்களில்தான். நடனம் ஏற்றம் பெற்றது, ஆனால் அதைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிய குடும்பத்துப் பெண்கள் அந்த மேடையிலிருந்து மெல்ல மெல்லக் காணாமல் போனார்கள். ஜனவரி நாட்டிய விழாவுக்குப் போகிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு போனால் நல்லது.

காலை உரைக்குப் பாதி புரியாது, சொல்லிவிடுகிறேன். ஆனால் உரை முடிந்ததும் முன்வரிசைப் பெரியவர்கள் எழுந்து கருத்துச் சொல்வார்கள் பாருங்கள், காந்தாரம் என்ற ஒரு ஸ்வரத்தின் அசைவுக்காகக் குரல் உயரும். அதற்காகவே போகலாம்.

மற்ற மாதங்களில்

டிசம்பருக்கு வர முடியாதவர்கள் விட்டுவிட வேண்டாம். வருஷம் முழுக்க அங்கே கச்சேரி, நாட்டியம், நாடகம் என்று ஏதாவது நடந்துகொண்டிருக்கும், இளம் கலைஞர்களுக்கென்று தனித் தொடரும் உண்டு. கூட்டமில்லாத ஒரு சாதாரண நாளில் போனால் பழைய கச்சேரிப் பதிவுகளைக் கணினித் திரையில் தேடிக் கேட்க ஒரு கேட்பகம் இருக்கிறது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் நேரம் போவது தெரியாது, முன்கூட்டியே நேரத்தை விசாரித்துக்கொண்டு போங்கள். பாட்டு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்தவர்களை மேடைக்குத் தயாராக்க 2010இல் தொடங்கிய உயர்நிலை கர்நாடக இசைப் பள்ளியும் உண்டு, அது நமக்கல்ல, உங்கள் வீட்டுப் பெண்ணோ பையனோ பாடினால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கச்சேரி முடிந்தது என்று எப்படித் தெரியும் என்று கேட்கிறவர்களுக்கு. துக்கடாக்கள் எல்லாம் ஆனபின் சௌராஷ்டிர ராகத்திலோ மத்யமாவதி ராகத்திலோ மங்களம் பாடுவார்கள். மங்களம் தொடங்கும்போதே பாதி அரங்கு எழுந்து செருப்பையும் ஆட்டோவையும் தேடி ஓடும். நீங்கள் அந்த ஒரு நிமிஷம் உட்காருங்கள். முடிந்ததும் தம்புராவை நிறுத்துவார்கள், வித்வான் பிளாஸ்க் மூடியைத் திறந்து வெந்நீர் குடிப்பார், மிருதங்கக்காரர் வாத்தியத்தை உறையில் போடத் தொடங்குவார். அப்போது எழுந்து வந்தால் வாசலில் ஆட்டோ கூட்டமும் பாதி கலைந்திருக்கும். பேரம் பேசுவதானால் ராதாகிருஷ்ணன் சாலைப் பக்கம் பத்தடி நடந்து போய்ப் பேசுங்கள், வாசலில் கேட்கிற விலைக்கு இன்னொரு கச்சேரிக்கு டிக்கெட்டே வாங்கிவிடலாம்.